உங்களுக்குத் தெரியுமா? பெஞ்சிலிருந்து மாறும் ஆட்டம்

வெள்ளாற்றில் தண்ணீர் வரத்தைப் பார்த்து அணைக்கட்டின் ஷட்டரை ஏற்றுவார்கள், இறக்குவார்கள். சேத்தியாத்தோப்புக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கால்பந்துப் பயிற்சியாளரின் வேலையும் ஏறத்தாழ அதுதான். ஆட்டம் எந்தப் பக்கம் பாய்கிறது என்று பார்த்து, யாரை எடுப்பது, யாரை இறக்குவது, யாரை இடம் மாற்றுவது என்று சில நிமிடங்களில் முடிவெடுக்க வேண்டும். கோல் போட்டவர் பெயர் மறுநாள் பேப்பரில் வரும். அந்தக் கோலுக்கு வழி திறந்த மாற்றத்தைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வரிகூட வராது. அந்த மாற்றங்களைப் பற்றிய துணுக்குகள் இவை.

‘சப்’ இல்லாத காலம்

● 1966 வரை உலகக் கோப்பையில், ஆட்டம் தொடங்கிவிட்டால் அந்தப் 11 பேர்தான். அடிபட்டாலும் மாற்றாள் கிடையாது. 1966 ஜூலை 19 அன்று லிவர்பூல் நகரில் போர்ச்சுகலை எதிர்த்து ஆடிய பெலே, முரட்டுத்தனமாகத் தடுக்கப்பட்டு நொண்டினார். வெளியே எடுத்தால் பத்துப் பேர். உள்ளே வைத்தால் நடக்கவே முடியாத ஒருவர். பிரேசில் 1-3 என்று தோற்று வெளியேறியது.

● 1956 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் மான்செஸ்டர் சிட்டி கோல்கீப்பர் பெர்ட் டிராட்மனுக்குக் கழுத்தில் பலத்த அடி. மாற்று கோல்கீப்பர் என்ற பேச்சே இல்லாத காலம். வலியோடு மீதி ஆட்டத்தையும் ஆடி, 3-1 வெற்றிக்குத் துணை நின்றார். கழுத்தெலும்பு முறிந்திருந்தது சில நாள் கழித்து எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது.

● இந்தியக் கால்பந்தின் மிகச் சிறந்த இடமாற்றமும் இந்தக் காலத்தைச் சேர்ந்ததுதான். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி. தாய்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் ஸ்டாப்பர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம், ஆறு தையல். தையல் போட்ட தலையோடு, கோலை நோக்கி வரும் பந்தையெல்லாம் ஒரு ஸ்டாப்பர் முட்டித் தள்ள முடியாது. பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் அவருக்கு ஒரு ஆட்டம் ஓய்வு கொடுத்தார். அரையிறுதிக்கு அவரை சென்டர் ஃபார்வர்டாக இறக்கினார். தெற்கு வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் ஒரு கோல் போட்டார். செப்டம்பர் 4 அன்று தென் கொரியாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் இன்னொன்று. இந்தியா 2-1 என்று வென்று தங்கம் வாங்கியது.

● அதே இறுதி ஆட்டத்தில் ரஹீம் எடுத்த இன்னொரு முடிவு நம்மவரைப் பற்றியது. காய்ச்சலில் கிடந்து எழுந்த பீட்டர் தங்கராஜை மறுபடியும் கோலில் நிறுத்தினார். மெட்ராஸ் ரெஜிமெண்டில் ராணுவ வீரராக இருந்து வளர்ந்த கோல்கீப்பர் அவர். 1967-ல் அர்ஜுனா விருது பெற்றார். ரஹீமோ அந்தத் தங்கத்துக்கு அடுத்த ஆண்டே, 1963-ல், புற்றுநோயால் காலமானார்.

விதி வந்த வழி

● இங்கிலாந்து லீக் வரலாற்றில் முதல் மாற்று ஆட்டக்காரர் கீத் பீகாக். நாள் 1965 ஆகஸ்ட் 21. சார்ல்டன் அணியின் கோல்கீப்பர் பதினோராவது நிமிடத்திலேயே காயமடைந்ததால் இறங்கினார். தொடக்கத்தில் காயம் பட்டால் மட்டுமே ஆளை மாற்ற அனுமதி. தந்திரத்துக்காக மாற்றலாம் என்பது பிறகு வந்தது.

● உலகக் கோப்பையில் முதல் மாற்றம் 1970 மே 31 அன்று, மெக்சிகோவுக்கும் சோவியத் யூனியனுக்கும் நடந்த தொடக்க ஆட்டத்தில். ஹாஃப் டைமில் சோவியத்தின் அனடோலி புசாச் இறங்கினார். ஒரே வாரத்தில், ஜூன் 7 அன்று, எல் சால்வடாருக்கு எதிராக மெக்சிகோவின் ஹுவான் பாசகுரென், பெஞ்சிலிருந்து வந்து உலகக் கோப்பையில் கோல் போட்ட முதல் ஆள் ஆனார்.

● 1994 உலகக் கோப்பையில் இரண்டு ஆட்டக்காரர்களோடு ஒரு கோல்கீப்பரையும் மாற்றலாம் என்றிருந்தது. அடுத்த ஆண்டே ‘யாராக இருந்தாலும் மூன்று பேர்’ என்றானது. கொரோனா காலத்தில், 2020 மே மாதம், தற்காலிகமாக ஐந்து என்று ஏற்றினார்கள். 2022-ல் அது விதிப்புத்தகத்தில் நிலைத்தது.

● ஐந்து பேரை மாற்றலாம் என்றாலும் ஐந்து முறை ஆட்டத்தை நிறுத்த முடியாது. ஹாஃப் டைம் தவிர மூன்று வாய்ப்புகள்தான். ஒருவரை மட்டும் மாற்றினாலும் ஒரு வாய்ப்பு கழிந்துவிடும். பயிற்சியாளர்கள் இரண்டு மூன்று பேரைச் சேர்த்து இறக்குவதற்கு இதுதான் காரணம்.

● எக்ஸ்ட்ரா டைமுக்கு ஆட்டம் போனால் கூடுதலாக ஒரு மாற்றம் உண்டு. உலகக் கோப்பையில் இதை முதலில் பயன்படுத்தியது 2018-ல் ரஷ்யா. ஸ்பெயினுக்கு எதிராக அலெக்சாண்டர் எரோகின் நான்காவது மாற்றாக இறங்கினார். ரஷ்யா பெனால்டியில் வென்றது.

● வெளியே போகச் சொன்னால் ஆட்டக்காரர் மறுக்கலாமா? விதிப்படி மறுத்தால் ஆட்டம் அப்படியே தொடரும். 2019 பிப்ரவரி 24 அன்று இங்கிலாந்து லீக் கோப்பை இறுதி ஆட்டத்தில் செல்சி கோல்கீப்பர் கெப்பா அப்படித்தான் நின்றார். பயிற்சியாளர் சார்ரி கத்தியும் பயனில்லை. மான்செஸ்டர் சிட்டி பெனால்டியில் வென்றது.

வடிவத்தை மாற்றுவது

● ஆளை மாற்றுவது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அணி நிற்கும் வடிவத்தை மாற்றுவது தெரியாது. ஆனால் பல ஆட்டங்களில் அதுவே பெரிய மாற்றம். 2005 மே 25, இஸ்தான்புல், சாம்பியன்ஸ் லீக் இறுதி. ஹாஃப் டைமில் ஏ.சி. மிலான் 3, லிவர்பூல் 0. பயிற்சியாளர் ரஃபேல் பெனிடெஸ் செய்தது ஒரே ஒரு மாற்றம்: ரைட் பேக் ஃபின்னன் வெளியே, மிட்ஃபீல்டர் ஹாமன் உள்ளே. பின்வரிசை நான்கிலிருந்து மூன்றானது, நடுவில் ஒரு ஆள் கூடினார். பந்து காலில் தங்கத் தொடங்கியதும் கேப்டன் ஜெரார்டு முன்னால் போக முடிந்தது. 54, 56, 60 ஆகிய நிமிடங்களில் மூன்று கோல்கள். ஆட்டம் 3-3, பெனால்டியில் லிவர்பூலுக்குக் கோப்பை.

● 2022 கத்தார் உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக ஜப்பான் ஒரு கோல் பின்தங்கியிருந்தது. ஹாஃப் டைமில் பயிற்சியாளர் ஹஜிமே மொரியாசு டிஃபெண்டர் டோமியாசுவை இறக்கி, பின்வரிசையில் மூன்று பேரை நிறுத்தினார். கோல் வேண்டிய நேரத்தில் ஒரு டிஃபெண்டரா என்று தோன்றும். பின்னால் மூவர் காவல் இருந்ததால்தான் இரு ஓரங்களிலும் இருந்தவர்கள் பயமில்லாமல் முன்னே ஏற முடிந்தது. அதன் பிறகு ஃபார்வர்டுகளை ஒருவர்பின் ஒருவராக அனுப்பினார். 75-வது நிமிடத்தில் டோவான், 83-வது நிமிடத்தில் அசானோ. கோல் போட்ட இருவருமே பெஞ்சிலிருந்து வந்தவர்கள். ஜப்பான் 2-1.

● தண்ணீர் குடிக்க விடும் நேரத்தில்கூட ஆட்டத்தைத் திருப்பலாம். 2014 உலகக் கோப்பையில், பிரேசிலின் ஃபோர்டலேசாவில் கடும் வெயில். மெக்சிகோவிடம் 0-1 என்று பின்தங்கியிருந்த நெதர்லாந்துக்கு, ஆட்டத்தின் நடுவே கிடைத்த குளிர்ச்சி இடைவேளை வரமாக வந்தது. பயிற்சியாளர் லூயி வான் ஹால் அந்த நேரத்தில் புதுத் திட்டத்தைச் சொல்லி அனுப்பினார். 88-வது நிமிடத்தில் ஸ்னைடர் கோல். காயங்களுக்காகக் கொடுத்த கூடுதல் நேரத்தில், பெஞ்சிலிருந்து வந்த ஹுன்டெலார் பெனால்டியில் வெற்றிக் கோல். விதிப்படி இத்தகைய இடைவேளை ஒன்றரை நிமிடம் முதல் மூன்று நிமிடம் வரை நீளலாம். கடலூர் மாவட்டத்து மே மாத வெயிலில் ஆடும் நம் அணிகளுக்கு இது உடம்புக்கும் நல்லது, ஆட்டத்துக்கும் நல்லது.

● பல இடங்களில் ஆடத் தெரிந்த ஒருவர் அணியில் இருந்தால், ஒரு ‘சப்’பையும் செலவழிக்காமல் வடிவத்தை மாற்றலாம். சென்னை சிட்டி, சென்னையின் எஃப்.சி. இரண்டுக்கும் ஆடிய எட்வின் சிட்னி வான்ஸ்பால் அப்படிப்பட்டவர். ரைட் பேக்காகவும் ஆடுவார், மிட்ஃபீல்டராகவும் ஆடுவார். இப்படிப்பட்டவர்களுக்குக் கைதட்டல் குறைவு. பயிற்சியாளர் கண்ணில் மதிப்பு அதிகம்.

பெஞ்சில் இருந்த புயல்கள்

● 1999 மே 26, பார்சிலோனா, சாம்பியன்ஸ் லீக் இறுதி. பேயர்ன் மியூனிக்கிடம் 0-1 என்று தோற்றுக்கொண்டிருந்த மான்செஸ்டர் யுனைடெட்டில் அலெக்ஸ் ஃபெர்குசன் 67-வது நிமிடத்தில் ஷெரிங்ஹமையும், 81-வது நிமிடத்தில் சோல்ஷாரையும் இறக்கினார். 90 நிமிடம் முடிந்த பிறகு இருவரும் ஆளுக்கொரு கோல் போட்டார்கள். கோப்பை கைமாறியது. சோல்ஷாரின் பழக்கம் ஒன்றை இளம் ஆட்டக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெஞ்சில் இருக்கும் நேரமெல்லாம் எதிரணி டிஃபெண்டர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கவனித்து மனத்தில் குறித்துக்கொள்வார். இறங்கும்போது அவருக்கு ஆட்டம் புதிதல்ல.

● 2015 செப்டம்பர் 22. வோல்ஃப்ஸ்பர்க் அணியிடம் பேயர்ன் 0-1 பின்னடைவு. ஹாஃப் டைமில் பெப் குவார்டியோலா, லெவன்டோவ்ஸ்கியை இறக்கினார். ஒன்பதே நிமிடத்துக்குள் ஐந்து கோல்கள்.

● அதற்கு ஈடான கதை நமக்குப் பக்கத்திலேயே உண்டு. 2022 ஏப்ரல் 28, மஞ்சேரி, சந்தோஷ் டிராபி அரையிறுதி. கர்நாடகா முதல் கோலைப் போட்டதும் கேரளப் பயிற்சியாளர் பினோ ஜார்ஜ் ஹாஃப் டைம் வரை காத்திருக்கவில்லை. 30-வது நிமிடத்திலேயே டி.கே. ஜெசினை இறக்கினார். ஹாஃப் டைமுக்குள் ஜெசின் மூன்று கோல்கள், ஆட்டம் முடிவதற்குள் ஐந்து. கேரளம் 7-3 என்று வென்று, பிறகு கோப்பையையும் வாங்கியது. முதல் பாதியில் ஆளை எடுத்தால் அவருக்கு அவமானம் என்று பலர் தயங்குவார்கள். தயங்கியிருந்தால் அந்த ஐந்து கோல்கள் இல்லை.

● 2022 ஜூன் 11, கொல்கத்தா. ஆப்கானிஸ்தானுக்கு எதிரான ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்று. 86-வது நிமிடத்தில் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கில் கோல். இரண்டே நிமிடத்தில் பதில் கோல். கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோல் போட்டவர், பெஞ்சிலிருந்து வந்த சஹல் அப்துல் சமத்.

● 2014 உலகக் கோப்பையை ஜெர்மனிக்குத் தந்த ஒரே கோலில் சம்பந்தப்பட்ட இருவருமே மாற்று ஆட்டக்காரர்கள். 31-வது நிமிடத்தில் இறங்கிய ஷூர்லே பந்தைத் தூக்கிக் கொடுத்தார். 88-வது நிமிடத்தில் இறங்கிய கோட்சே 113-வது நிமிடத்தில் அதைக் கோலாக்கினார்.

பிசகிய கணக்குகள்

● 1970 உலகக் கோப்பைக் காலிறுதி, மெக்சிகோவின் லியோன் நகரம். மேற்கு ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்து 2-0 முன்னிலை. பெக்கன்பாயர் ஒரு கோலைத் திருப்பிய சற்று நேரத்தில், அரையிறுதிக்குத் தெம்பு வேண்டும் என்று எண்ணி ஆல்ஃப் ராம்சி தன் நடு ஆட்டத் தூணான பாபி சார்ல்டனை வெளியே எடுத்தார். சார்ல்டனைக் கண்காணிக்கும் வேலை போனதும் பெக்கன்பாயர் தாராளமாக முன்னே வந்தார். ஜெர்மானியப் பயிற்சியாளர் ஹெல்முட் ஷோன் இறக்கியிருந்த கிராபோவ்ஸ்கியோ, வெயிலில் களைத்த இங்கிலாந்து லெஃப்ட் பேக்கை ஓட ஓட விரட்டினார். மேற்கு ஜெர்மனி 3-2. சார்ல்டனுக்கு அது 106-வது சர்வதேச ஆட்டம், கடைசி ஆட்டமும்கூட. மாற்று ஆட்டக்காரர் விதி வந்த முதல் உலகக் கோப்பையிலேயே அதன் லாபமும் நஷ்டமும் ஒரே ஆட்டத்தில் தெரிந்துவிட்டன.

● 2006 உலகக் கோப்பைக் காலிறுதி, பெர்லின். ஜெர்மனியை 1-0 என்று முந்தியிருந்த அர்ஜென்டினாவின் கோல்கீப்பர் காயத்தால் வெளியேறினார். ஒரு மாற்றம் போயிற்று. அடுத்த நிமிடமே பயிற்சியாளர் பெக்கர்மன், ஆட்டத்தை நடத்திக்கொண்டிருந்த ரிக்கெல்மேவை எடுத்தார். பிறகு ஃபார்வர்டு கிரெஸ்போவையும் எடுத்தார். மூன்று மாற்றங்களும் தீர்ந்தன. 80-வது நிமிடத்தில் குளோசே சமன் செய்தபோது 19 வயது மெஸ்ஸி பெஞ்சிலேயே இருக்க நேர்ந்தது. அர்ஜென்டினா பெனால்டியில் தோற்றது. முன்னிலையைக் காப்பதற்காகக் கையில் இருப்பதையெல்லாம் செலவழித்துவிட்டால், முன்னிலை போன பிறகு கையில் ஒன்றும் இருக்காது.

● ஒரே ஆட்டத்தில் ஒரு துணிச்சலும் ஒரு பயமும்: யூரோ 2004, நெதர்லாந்து – செக் குடியரசு. 19 நிமிடத்துக்குள் செக் 0-2 பின்னடைவு. விரைவில் ஒன்றைத் திருப்பியது. 25-வது நிமிடத்தில் செக் பயிற்சியாளர் பிரூக்னர் ரைட் பேக்கை எடுத்துவிட்டுத் தாக்குதல் ஆட்டக்காரர் ஸ்மிட்சரை இறக்கினார். நெதர்லாந்துப் பயிற்சியாளர் அட்வகாட்டோ 58-வது நிமிடத்தில், எதிரணியை அலறவைத்துக்கொண்டிருந்த ராபனை எடுத்துவிட்டுத் தடுப்புக்கு ஆள் சேர்த்தார். செக் 3-2 என்று வென்றது. 88-வது நிமிடத்தில் வெற்றிக் கோல் போட்டவர் ஸ்மிட்சர்.

● பெனால்டிக்கென்றே ஆளை இறக்குவது இரு பக்கமும் கூரான கத்தி. 2014-ல் கோஸ்டா ரிகாவுக்கு எதிராக, எக்ஸ்ட்ரா டைமின் கடைசி நிமிடத்தில் வான் ஹால் கோல்கீப்பரையே மாற்றி டிம் குருலை நிறுத்தினார். குருல் இரண்டு பெனால்டிகளைத் தடுத்தார், நெதர்லாந்து வென்றது. 2021 ஜூலை 11 அன்று யூரோ இறுதியில் இங்கிலாந்தின் சவுத்கேட் கடைசி நேரத்தில் ரேஷ்ஃபோர்டையும் சாஞ்சோவையும் இறக்கினார். இருவரின் பெனால்டியும் கோலாகவில்லை. கோப்பை இத்தாலிக்குப் போனது. ஒரு முறைகூடப் பந்தைத் தொட்டுச் சூடேறாத கால்களிடம் அவ்வளவு பெரிய பொறுப்பைத் தரலாமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

நம்ம பக்கம்

● 2015 டிசம்பர் பெருவெள்ளம் சென்னையையும் கடலூரையும் புரட்டிப்போட்டது. சென்னையின் எஃப்.சி. தன் சொந்த மைதானத்து அரையிறுதியைப் புனேவில் ஆட நேர்ந்தது. அங்கே கொல்கத்தாவை 3-0 என்று வென்றது. டிசம்பர் 20 இறுதி ஆட்டத்தில் எஃப்.சி. கோவா 87-வது நிமிடத்தில் 2-1 முந்தியது. மார்கோ மடெராசியின் அணி சோர்ந்துவிடவில்லை. 90-வது நிமிடத்தில் எதிரணி கோல்கீப்பர் கட்டிமணி மேல் பட்டு ஒரு சேம்சைடு கோல், அடுத்து மெண்டோசா. 3-2, முதல் ஐ.எஸ்.எல். கோப்பை.

● ஒரு பருவத்தின் நடுவே பயிற்சியாளரையே மாற்றுவதும் பெரிய ‘சப்’தான். 2019-20-ல் முதல் ஆறு ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே வென்ற சென்னையின் எஃப்.சி.க்கு ஓவன் காயில் வந்தார். எதிரணி பகுதியிலேயே பந்தைப் பறித்துத் தாக்கும் ஆட்டத்தைக் கொண்டுவந்தார். அதே ஆட்டக்காரர்களை வைத்தே அணி இறுதி வரை போனது. வால்ஸ்கிஸ் 15 கோல்கள் போட்டார்.

● 2019 மார்ச் 9, கோயம்புத்தூர். ஐ-லீக் கடைசி நாள். சென்னை சிட்டி ஹாஃப் டைமில் மினர்வா பஞ்சாபிடம் 0-1. கோப்பைக்குப் போட்டியிட்ட ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்தது. சிங்கப்பூர் பயிற்சியாளர் அக்பர் நவாஸின் அணி இரண்டாம் பாதியில் மூன்று கோல்கள் போட்டது. பெட்ரோ மான்சி ஒன்று. மற்ற இரண்டும் முன்வரிசை ஆட்டக்காரர் அல்லாத கௌரவ் போரா. இறுதிப் பட்டியலில் சென்னை சிட்டி 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42.

● ஐ.எஸ்.எல்.-ல் வெளிநாட்டவர் எண்ணிக்கையும் மாற்றக் கணக்கைத் தீர்மானிக்கிறது. 2014-ல் ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டவர் களத்தில் நிற்கலாம்; 2017-18-ல் ஐந்தானது; 2021-22-ல் நான்கானது. இந்திய இளைஞர்கள் முக்கியமான நிமிடங்களில் இறங்கும் வாய்ப்பு அப்படித்தான் கூடியது.

● கடலூர் மாவட்டத்தின் பெருமை இந்துமதி கதிரேசன். இந்திய அணி மிட்ஃபீல்டர், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். ஃபார்வர்டு சந்தியா ரங்கநாதனும் கடலூர் மண்ணில் வளர்ந்தவரே. தமிழ்நாட்டுப் பெண்கள் தேசிய சாம்பியன்ஷிப்பை 2018-ல் மணிப்பூரை வென்று முதல் முறையும், 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று இரண்டாம் முறையும் கைப்பற்றினார்கள். இரண்டு இறுதி ஆட்டத்திலும் 2-1.

● பெஞ்சில் ஆள் இல்லாததால் ஒரு நாடே போட்டியிலிருந்து வெளியேறியிருக்கிறது. 2022-ல் இந்தியாவில் நடந்த பெண்கள் ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்குள் கொரோனா பரவியது. ஜனவரி 23 அன்று சீன தைபே அணிக்கு எதிராகக் குறைந்தது 13 பேர் தேவை. அத்தனை பேர் தேறவில்லை. ஆட்டம் நடக்கவில்லை, போட்டியை நடத்திய நாடே விலக நேர்ந்தது.

சேத்தியாத்தோப்பு கிரவுண்டுக்கு

● ஒரு அணியில் ஏழு பேருக்குக் கீழே குறைந்தால் 11 பேர் ஆட்டம் தொடர முடியாது. வெளியேறுபவர் 2019 முதல், நடுக்கோட்டுக்கு நடந்து வராமல், பக்கத்தில் உள்ள எல்லைக்கோட்டைத் தாண்டியே போய்விட வேண்டும். உள்ளே வருபவர் மட்டும் நடுக்கோட்டருகே, ரெஃப்ரி அனுமதித்த பிறகே நுழையலாம்.

● அடுத்த முறை டி.வி.யில் ஆட்டம் பார்க்கும்போது ஹாஃப் டைம் முடிந்த முதல் பத்து நிமிடத்தைப் பாருங்கள். பின்வரிசையில் எத்தனை பேர் நிற்கிறார்கள், ஓரத்தில் ஓடியவர் நடுவுக்கு வந்துவிட்டாரா என்று எண்ணிப் பாருங்கள். பயிற்சியாளரின் மனம் அங்கே தெரிந்துவிடும்.

● சிறுவர் ஆட்டம், மூத்தோர் ஆட்டம், ஊர் மட்டத்து ஆட்டம் ஆகியவற்றில், தேசியக் கால்பந்துச் சம்மேளனம் ஏற்றுக்கொண்டால் வெளியே போனவரே மறுபடி உள்ளே வரலாம் என்கிறது விதி. உள்ளூர் டோர்னமெண்ட் நடத்துகிறவர்கள் இந்த ஒரு விதியைக் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும். களைத்த பிள்ளை சற்று மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பலாம். பெஞ்சில் இருக்கும் பிள்ளையும் பத்து நிமிடமாவது ஆடலாம். ஜெசினைப் பினோ ஜார்ஜ் அரை மணி நேரத்திலேயே இறக்க முடிந்தது, அந்தப் பையனால் என்ன முடியும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்ததால்தான். சேத்தியாத்தோப்பு, புவனகிரி, சிதம்பரம் பக்கத்து அணிகளை நடத்தும் அண்ணன்களுக்கு இந்தத் துணுக்குகள் சொல்வதும் அதையே. பதினான்காவது பிள்ளையையும் பயிற்சியில் முழுதாக ஆடவிட்டுப் பாருங்கள். தோற்றுக்கொண்டிருக்கும் ஒரு நாளில் நீங்கள் தேடப்போகும் ஆள் அந்தப் பிள்ளையாக இருக்கலாம்.